விக்டோரியா துறைமுகத்தில் ஒரு பகல்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"கப்பல்ல டூர் போயிட்டு வந்தீங்களே, அதைப் பத்திப் பேசுங்க சார். இருபது நிமிஷம். கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஜாலியாகத்தான் ஆரம்பிக்கிறேன். எங்கே போய் நிற்கும் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

2019 ஜனவரி. பாங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மா அப்பாவை எங்கேயாவது அனுப்ப வேண்டும் என்று பிள்ளைக்கு ஆசை. மொரீஷியஸில் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஏறி, சீஷெல்ஸ், மடகாஸ்கர் எல்லாம் சுற்றிவிட்டு மறுபடி அங்கேயே இறங்குகிற குரூஸ் ஒன்றில் இடம் போட்டுவிட்டான். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், அட்டவணையில் 'விக்டோரியா, சீஷெல்ஸ்' என்று ஒரு வரியைப் பார்த்ததும் சரி என்றேன். ஏன் என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குப் பின்னால் சொல்கிறேன்.

குரூஸ் கப்பல் என்பது கப்பல் அல்ல, மிதக்கிற கல்யாண மண்டபம். காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கிற பந்தி நடுராத்திரி வரை நடக்கிறது. நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் மூன்று வருஷம் புடலங்காய்க் கூட்டிலேயே வளர்ந்தவனை அங்கே கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? முதல் நாள் மூன்று தட்டு. இரண்டாம் நாள் இரண்டு. மூன்றாம் நாள் தயிர் இருக்கிறதா என்று தேடினேன். என் மனைவி கையோடு கொண்டுவந்திருந்த நாரத்தங்காய் ஊறுகாய் பாட்டிலுக்கு அந்தக் கப்பலில் இருந்த மரியாதை கேப்டனுக்குக்கூடக் கிடையாது.

போர்ட் லூயிஸிலிருந்து விக்டோரியாவுக்கு இரண்டு நாளுக்கு மேல் வெறும் கடல். முந்தின நாள் ராத்திரி கேபினில் ஒரு தாள் வைத்துவிட்டுப் போவார்கள். நாளைக்கு வரப்போகும் ஊரின் பெயர், கப்பல் சேரும் நேரம், வெயில் எவ்வளவு, பஸ் டூர் கட்டணம் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். எல்லாவற்றுக்கும் கீழே கொட்டை எழுத்தில், மாலை எத்தனை மணிக்குள் எல்லோரும் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று போட்டிருக்கும். ஒரு நாட்டையே ஒரு பக்கத்தில் மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் தாளில் காலை எட்டு மணிக்குச் சேரும், மாலை ஐந்தரைக்குப் புறப்படும், நாலரைக்குள் ஏறிவிட வேண்டும் என்று இருந்தது. எட்டரை மணி நேரம்.

அந்த நாட்டைப் பற்றி மாணவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பூமத்திய ரேகைக்குத் தெற்கே, இந்துமகா சமுத்திரத்தின் நடுவில் சிதறிக் கிடக்கிற 115 தீவுகள். மொத்த ஜனத்தொகையே ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்தான். நம் கும்பகோணம் நகரத்தைவிடச் சின்ன தேசம். பெரிய தீவான மாஹேயில் இருக்கிறது தலைநகர் விக்டோரியா. உலகத்தின் மிகச் சிறிய தலைநகரங்களில் ஒன்று. 1841-இல் விக்டோரியா ராணியின் பெயரை வைத்தார்கள். 1976 ஜூன் 29-இல் சுதந்திரம் கிடைத்தது.

விடிகாலை ஐந்தரைக்கே மேல்தளத்துக்குப் போய்விட்டேன். மாலத்தீவு மாதிரி தட்டையான தீவை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். இது கருங்கல் தீவு. கடலிலிருந்து நேராக மலை எழுந்து நிற்கிறது. உச்சி 905 மீட்டர், அதன் தலையில் எப்போதும் ஒரு மேகம். பைலட் படகு வந்து எங்களை உள்ளே கூட்டிப்போனது. துறைமுகத்துக்கு முன்னால் செயின்ட் ஆன் என்று ஒரு குட்டித் தீவு. 1770 வரைக்கும் இந்தத் தீவுகளில் மனிதர் யாரும் குடியிருக்கவில்லை. அந்த வருஷம் ஆகஸ்டில் முதன்முதலாகக் குடியேற வந்தவர்கள் இறங்கியது அந்தக் குட்டித் தீவில்தான். மொத்தம் இருபத்தெட்டுப் பேர். பதினைந்து வெள்ளைக்காரர்கள், ஏழு அடிமைகள், ஒரு ஆப்பிரிக்கப் பெண், ஐந்து இந்தியர்கள். அந்த ஐந்து பேருக்கும் பதிவேட்டில் பெயர் இருந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. 'இந்தியர் ஐவர்', அவ்வளவுதான்.

கப்பல்துறையில் எங்கள் கப்பலுக்குப் பக்கத்திலேயே சுருக்குமடி வலைக் கப்பல்கள் வரிசையாக நின்றன. ஸ்பெயின்காரன், பிரெஞ்சுக்காரன் எல்லாம் அங்கே வந்துதான் சூரை மீனை இறக்குகிறான். டப்பாவில் அடைக்கிற பெரிய தொழிற்சாலையும் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. அந்த வாசனை டூர் விளம்பரத்தில் வராது. எங்கள் தளத்தில் நின்ற ஒரு ஐரோப்பிய அம்மையார் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். நாகப்பட்டினம் பக்கம் பாங்கில் நாலு வருஷம் குப்பை கொட்டிய எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

இறங்குகிறபோது கழுத்தில் மாட்டிய அட்டையை ஒரு இயந்திரத்தில் காட்ட வேண்டும். 'டிங்' என்று அடித்து நம் படம் திரையில் வரும். அந்த 'டிங்' கேட்டதிலிருந்து நம் ஆயுள் எண்ணப்படுகிறது. வெளியே வந்தால் டாக்சிக்காரர்கள், பஸ்கள், தொப்பியும் சங்கும் விற்கிற கடைகள். ஆயிரக்கணக்கில் ஜனம் இறங்குகிறது. அதில் பாதிப் பேர் காலைப் பலகாரத்தைக் கப்பலில் முடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கும் கப்பலுக்கே திரும்பிவிடுகிறார்கள், அதற்குத்தான் ஏற்கெனவே பணம் கட்டியாயிற்றே. ஊருக்கு மிஞ்சுவது பஸ் வாடகையும் சங்கு விற்ற காசும்தான். நானும் அந்த ஜனத்தில் ஒருவன் என்பதால் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

இப்போது ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் என் ஹாஸ்டல் அறைத் தோழன் இருந்தான். 1975 முதல் 1978 வரை, இதே கல்லூரி, கணிதத் துறை. நாங்கள் அவனுக்கு வைத்த பட்டப்பெயரை இந்த மேடையில் சொல்ல முடியாது. முன்வரிசையில் சிரிக்கிற இரண்டு பேருக்கு அது தெரியும். அவன் 1982-இல் சீஷெல்ஸுக்குக் கணக்கு வாத்தியாராகப் போனான். அப்போது நம் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் நிறைய ஆசிரியர்கள் அங்கே போனார்கள். நீல நிற ஏர் லெட்டரில் மாதம் ஒரு கடிதம் எழுதுவான். "இங்கே நடுத்தெருவில் ஒரு மணிக்கூண்டு இருக்கு. 1903-இல் வைத்ததாம். மணி அடிக்காது. நம்ம ஹாஸ்டல் கடிகாரம் மாதிரியே" என்று எழுதியிருந்தான்.

1986 அக்டோபரில் ஒரு கடிதம் வந்தது. நன்னிலம் பக்கத்துக் கிராமத்தில் அவன் அம்மா தனியாக இருந்தார். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். யாரும் சரியா எழுத மாட்டேங்கறாங்க. நீ கும்பகோணத்திலதானே இருக்கே, ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு எனக்கு நாலு வரி எழுது. டாக்டர்கிட்ட கூட்டிப்போகணும்னா உடனே பணம் அனுப்பறேன்" என்று கேட்டிருந்தான். பரீட்சை லீவுகளில் அந்த அம்மாள் கையால் எத்தனை நாள் வெந்தயக் குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். கும்பகோணத்திலிருந்து ஒரே பஸ். இந்த ஞாயிறு போகலாம் என்று நினைத்தேன். தீபாவளி வந்தது. அப்புறம் பாங்கில் இன்ஸ்பெக்‌ஷன். அப்புறம் குழந்தைக்குக் காய்ச்சல். நான் போனது தைமாதம். வீடு பூட்டியிருந்தது. மார்கழியிலேயே போய்விட்டார் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார்.

அவனுக்கு என்ன எழுதுவது? எழுதவில்லை. அவனிடமிருந்து இன்னும் இரண்டு கடிதம் வந்தது. அதற்கும் எழுதவில்லை. பிறகு கடிதம் வருவது நின்றது. சங்க மலரில் முகவரிப் பட்டியல் போடுகிறார்களே, அதில் அவன் பெயருக்கு எதிரே வெறும் கோடு. "உங்க ரூம்மேட் ஆச்சே, அட்ரஸ் தெரியாதா?" என்று ஒவ்வொரு செயலாளரும் கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு விக்டோரியாவில் இறங்கியவன் என்ன செய்திருக்க வேண்டும்? நேராக ஊருக்குள் போய் நாலு பேரை விசாரித்திருக்க வேண்டும். நான் பஸ் டூரில் ஏறிவிட்டேன். அதுதான் உண்மை. மலை ஏறி, வளைந்து வளைந்து கடற்கரைக்குப் போய், வழுவழுவென்று யானை படுத்திருக்கிற மாதிரி பாறைகளைப் பார்த்து, 1901-இல் ஆரம்பித்த தாவரவியல் தோட்டத்தில் ராட்சத ஆமைகளுக்கு இலை கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டேன். ஆமை கழுத்தை நீட்டி என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. தேட ஆரம்பித்தால் அவன் கிடைத்துவிடுவானோ என்று பயம். அந்தப் பயத்திலேயே ஐந்து மணி நேரம் போயிற்று.

பஸ் எங்களை ஒரு மணிக்கு மேல் ஊர் நடுவில் இறக்கிவிட்டது. வெள்ளிப் பூச்சு பூசிய மணிக்கூண்டு எதிரே நின்றது. லண்டனில் வாக்ஸ்ஹால் பிரிட்ஜ் சாலையில் இருப்பதன் நகல். கப்பலிலிருந்து இறக்கும்போது பெண்டுலம் கடலில் விழுந்துவிட்டது, அதனால்தான் மணி அடிக்கவில்லை என்பது ஊர்க்கதை. நான் பார்த்துக்கொண்டே நிற்கும்போது டங், டங் என்று இரண்டு அடித்தது. திடுக்கிட்டுவிட்டேன். 1999-இல் சரிசெய்துவிட்டார்களாம். என்னிடம் இருந்த கடிதம் எவ்வளவு பழசு என்று அப்போதுதான் உறைத்தது.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் நவசக்தி விநாயகர் கோவில். 1992-இல் கட்டியது. பழைய வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவில் நம் ஊர்க் கோபுரம், அதே பச்சை, அதே நீலம், அதே பொம்மைகள். நாங்கள் போன நேரம் நடை சாத்தியிருந்தது. வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போனோம்.

அந்த மார்க்கெட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் மனைவி கோபித்துக்கொள்வாள். மீன் பலகைகளுக்கு இடையே வெள்ளைக் கொக்குகள் சொந்தக்காரர் மாதிரி நடமாடுகின்றன. யாரும் விரட்டுவதில்லை. பட்டைகள் கட்டுக் கட்டாக, வனிலாக் காய், ஊறுகாய் மிளகாய், பிலிம்பிக்காய். ஒரு மூலையில் கீரைக் கட்டு ஒன்றைப் பார்த்து மனைவி நின்றுவிட்டாள். "ஏங்க, இது நம்ம முருங்கைங்க!" விற்கிற அம்மாளிடம் சைகையால் பெயர் கேட்டோம். "மூரூம்" என்றார். அங்கே பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த பாஷை. அதற்குள் போய் நம் முருங்கை உட்கார்ந்திருக்கிறது. சுறா மீனையும் பிலிம்பியையும் சேர்த்துச் செய்கிற ஒன்றுக்கு 'சட்டினி' என்று பெயர். பிள்ளை, செட்டி, நாய்க்கன் என்றெல்லாம் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போகிற, தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர்கள் அங்கே நிறைய உண்டு. பல தலைமுறைக்கு முன் வந்தவர்களின் பிள்ளைகள். பாஷை போய்விட்டது, பெயரும் கீரையும் தங்கிவிட்டன.

ஒரு கிழவி கறிப்பலா வறுவல் விற்றுக்கொண்டிருந்தார். இந்த ஊரில் கறிப்பலா சாப்பிட்டவன் கட்டாயம் திரும்பி வருவான் என்று அங்கே ஒரு நம்பிக்கை. பத்து சீஷெல்ஸ் ரூபாய்க்குச் சின்னப் பொட்டலம் வாங்கித் தின்றோம். அவர்கள் நாணயமும் ரூபாய்தான்.

பக்கத்துத் தெருவில் ஒரு மளிகைக் கடை. பட்டை விலையைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவதைக் கேட்டுவிட்டு, கல்லாவில் இருந்தவர் "ஊர்லேர்ந்தா வர்றீங்க? கப்பலா?" என்றார். காரைக்கால் பக்கத்துக்காரர். தஞ்சை, காரைக்கால், பாண்டிச்சேரி பக்கத்திலிருந்து போய்க் கடை வைத்தவர்கள் அங்கே அதிகம். காப்பி கொடுத்தார். என் வாய் தன்பாட்டுக்குக் கேட்டது: "இங்க கணக்கு வாத்தியார் ஒருத்தர், 82-ல வந்தவர், நன்னிலத்துக்காரர்..."

"மேத்ஸ் சாரா? ரிடையராயி பிராலின்ல இருக்காரே! நம்பர் வேணுமா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் தன் போனிலேயே போட்டு என் கையில் கொடுத்துவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் நான் தூக்கிச் சுமந்தது அரை நிமிஷ வேலை.

"யாரு?" என்றது குரல். பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

"எங்கேர்ந்துடா பேசறே?"

"விக்டோரியாலேர்ந்து. கப்பல்ல வந்தேன்."

"எத்தனை மணிக்குக் கப்பல்?"

"அஞ்சரைக்கு. நாலரைக்குள்ள ஏறணும்."

"இப்ப மணி மூணு." கணக்கு வாத்தியார் அல்லவா, கணக்குப் போட்டான். பிராலின் தனித் தீவு. வேகப்படகில் ஒரு மணி நேரம். அடுத்த படகு பிடித்து வந்தால் எங்கள் கப்பலின் கதவு சாத்தியிருக்கும். "காலைல வந்து இறங்கினவன், காலைலயே கூப்பிட்டிருக்கக் கூடாதாடா? ஓடி வந்திருப்பேனே."

"பயந்துட்டே இருந்துட்டேன்" என்றேன்.

"எதுக்கு?"

"அம்மாவைப் போய்ப் பார்க்கலை நான். தைமாசம்தான் போனேன்."

மறுபடியும் ஒன்றும் இல்லை. கடைக்காரர் யாருக்கோ பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் சொன்னான்: "அம்மா எழுதச் சொன்ன கடைசிக் கடுதாசில உன்னைத்தான் கேட்டிருந்தா. அவன் சாப்பாட்டுக்கு என்னடா பண்றான், கல்யாணம் ஆனதும் இந்தப் பக்கமே வர்றதில்லையேன்னு."

எனக்கு அதற்குப் பதில் இல்லை. அவனும் பதிலை எதிர்பார்க்கவில்லை. "கறிப்பலா சாப்பிட்டியா?" என்று கேட்டான். "சாப்பிட்டேன், வறுவல்." "அப்ப சரி, வருவே. போய்க் கப்பலைப் பிடி" என்று வைத்துவிட்டான்.

நாலேகாலுக்கு 'டிங்' என்று ஏறினோம். கப்பல் புறப்படும்போது எல்லோரும் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் படம் பிடிக்க அந்தப் பக்கம் கூடினார்கள். நான் எதிர்ப்பக்கம் நின்றேன். வடகிழக்கே வெகு தூரத்தில் நீலமாக ஒரு மேடு. கப்பல் சிப்பந்தி ஒருவரைக் கேட்டேன். பிராலின் என்றார். இருட்டும் வரைக்கும் தெரிந்தது. மனைவி பக்கத்தில் வந்து நின்று, "இதுக்குத்தான் கப்பல்ல வர ஒத்துக்கிட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். மடகாஸ்கரில் என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள். பார்த்தேன், ஞாபகம் இல்லை.

2020 ஏப்ரலுக்கு விமான டிக்கெட் எடுத்தேன். அப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. சீஷெல்ஸ் அரசாங்கம் 2021 முடியும் வரை குரூஸ் கப்பல்களே வரக் கூடாது என்று அறிவித்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பேசினோம். கிரிக்கெட், முழங்கால் வலி, நம் வார்டன், எல்லாவற்றையும் பேசுவோம். அம்மா பேச்சு மட்டும் வராது.

2023 ஜனவரியில்தான் போக முடிந்தது. பத்து நாள் அவன் வீட்டில் தங்கினேன். அவன் மனைவி அந்த ஊர்க்காரர். அவருடைய பாட்டியின் குடும்பப் பெயர் பிள்ளை. எனக்காக முருங்கைக்கீரைக் குழம்பு வைத்தார், நம் ருசியும் இல்லை, வேறு ருசியும் இல்லை. 1983-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பள்ளத்தாக்குக் காட்டுக்குக் கூட்டிப்போனான். நம் சித்த வைத்தியர்கள் கடற்தேங்காய் என்கிறார்களே, அந்த இரட்டைத் தேங்காய் விளைகிற மரங்கள் அங்கேதான் கூட்டமாக நிற்கின்றன. உலகத்திலேயே பெரிய விதை. மரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவன் கேட்டான்: "நீ தைமாசம் போனியே, அன்னிக்கு வீடு எப்படி இருந்துது?"

அவன் அம்மா இறந்தபோது அவனால் வர முடியவில்லை. அப்புறம் பங்காளிகள் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். கடைசியாக அதைப் பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். திண்ணையில் ஒரு முறம் சாத்தியிருந்தது. கூரை மேல் பூசணிக்கொடி, இரண்டு காய். கதவில் பெரிய பித்தளைப் பூட்டு. வாசலில் யாரோ கோலம் போட்டிருந்தார்கள், எதிர்வீட்டுப் பெண்ணாக இருக்கும். "எத்தனை காய்னு சொன்னே?" என்று மறுபடி கேட்டான். இரண்டு என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்புகிற அன்று விக்டோரியா வரைக்கும் வந்தான். துறைமுகத்தில் ஒரு குரூஸ் கப்பல் நின்றது. மணிக்கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து, கழுத்தில் அட்டையோடு போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வயதானவர் கடிகாரத்தைப் பார்ப்பதும் நடப்பதுமாகப் போனார். "உன்னை மாதிரியே இருக்கான் பாரு" என்றான்.

இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் முகவரிப் பட்டியல் இருக்கிறது. எங்கள் வகுப்பில் அவன் பெயருக்கு எதிரே இந்த வருஷம் கோடு இல்லை. பே செயின்ட் ஆன், பிராலின், சீஷெல்ஸ் என்று போட்டு, தொலைபேசி எண்ணும் கொடுத்திருக்கிறது. அவன் சம்மதம் வாங்கித்தான் கொடுத்தேன். தாராளமாகக் கூப்பிடுங்கள். ஒன்று மட்டும் கவனம். நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிற ஊர் அது. ஆறு மணி வாக்கிங் உற்சாகத்தில் கூப்பிட்டுவிடாதீர்கள், அங்கே அப்போது நாலரை. நான் ஒரு தடவை கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.